சில்க் போர்டு சந்திப்பில் 640 குதிரைகள்

மாலை ஆறரை மணிக்குப் பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் நின்றால், அந்த நகரத்தில் ஓடும் எல்லா வகை வண்டிகளையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். ஓசூர் பக்கம் திரும்பும் கம்பெனி பேருந்துகள், நிரம்பி வழியும் பிஎம்டிசி நகரப் பேருந்துகள், ஏர்போர்ட்டிலிருந்து வரும் டாக்ஸிகள், கிடைத்த இடுக்கில் புகுந்து முன்னால் வந்துவிடும் டெலிவரி ஸ்கூட்டர்கள். சில நாட்களில் இந்த நெரிசலில் ஓர் ஆடி ஆர்எஸ் க்யூ8 காரும் நிற்கும். முன்பக்கம் பார்த்தால் ஓங்கி நிற்கும் எஸ்யூவி. பக்கவாட்டில் பார்த்தால் பின்னோக்கிச் சறுக்குமரம்போல் வழியும் கூரை. பானெட்டுக்குக் கீழே 640 குதிரைத்திறன். முன்னால் இருக்கும் ஆட்டோ பத்தடி நகர்ந்தால் அதுவும் பத்தடி நகரும்.

இதே மாடல் 2024-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 20.8 கிலோமீட்டர் சுற்றை 7 நிமிடம் 36.7 நொடியில் முடித்தது. ஓட்டியவர் ஆடியின் சோதனை ஓட்டுநர் ஃபிராங்க் ஸ்டிப்லர். சராசரி வேகம் மணிக்கு 164 கிலோமீட்டர். எஸ்யூவி வகையில் அது அன்றைக்குச் சாதனை. டாம்டாம் நிறுவனம் வெளியிடும் போக்குவரத்துக் கணக்கின்படி, அதே 2024-ல் பெங்களூருவில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 நொடி ஆனது. நூர்பர்க்ரிங் சுற்றின் தூரத்தை இந்த ஊரில் கடக்க ஒரு மணி 11 நிமிடம் பிடிக்கும்.

ஷோரூமில் பேசப்படுவது முதல் எண். வாங்குகிறவர் தினமும் வாழப்போவது இரண்டாவது எண்ணோடு. ஆகவே இப்படிப்பட்ட ஒரு வண்டியை எடைபோட வேண்டுமானால், பெங்களூருவின் தெருவில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வெட்டிய கூரை

கூப்பே என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் நீளமான கோச்சு வண்டியின் ஒரு பகுதியை வெட்டிக் குறுக்கினால் அது கூப்பே. பிற்பாடு இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் கொண்ட கார்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உயரமான எஸ்யூவியின் உடம்பில் அந்தக் கூரையைப் பொருத்தி, 2008-ல் எக்ஸ்6 என்ற காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ. இதற்கு என்ன தேவை என்று பலர் அன்று கேட்டார்கள். விற்பனை பதில் சொன்னது. 2015-ல் மெர்சிடீஸ் ஜிஎல்இ கூப்பே வந்தது. 2019-ல் போர்ஷே கயேன் கூப்பே வந்தது. லம்போர்கினி உருஸ் 2018 ஜனவரியில் 3 கோடி ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்களும் இந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது தெரிந்தது.

ஆர்எஸ் க்யூ8 இந்தியாவில் அறிமுகமானது 2020 ஆகஸ்டில். அப்போது 600 குதிரைத்திறன், விலை 2.07 கோடி. 2025 பிப்ரவரியில் வந்த 'பெர்ஃபார்மன்ஸ்' பதிப்பில் 640 குதிரைத்திறன், அறிமுக விலை 2.49 கோடி. இதன் அடித்தளமும் உருஸின் அடித்தளமும் ஒன்றே. போர்ஷே கயேன், பென்ட்லி பென்டேகா, ஆடி க்யூ7 ஆகியவையும் அதே தளத்தில் எழுந்தவைதான். ஒரே அஸ்திவாரத்தில் ஐந்து வீடு கட்டியதுபோல. எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம், கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பார்க்க இந்தத் தகவல் உதவும்.

அழகுக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பின்சீட்டில் உட்காருகிறவர்கள். க்யூ8 அறிமுகமானபோது அது க்யூ7-ஐவிட 38 மில்லிமீட்டர் உயரம் குறைவு, 66 மில்லிமீட்டர் நீளம் குறைவு, 27 மில்லிமீட்டர் அகலம் அதிகம். க்யூ7-ல் ஏழு பேர் உட்காரலாம். க்யூ8-ல் ஐந்து பேர்தான். பிஎம்டபிள்யூவில் எக்ஸ்5 காரின் டிக்கி 650 லிட்டர் கொள்ளும், அதையே கூப்பேயாக்கிய எக்ஸ்6-ன் டிக்கி 580 லிட்டர். கூடவே பின்கண்ணாடி சாய்ந்து குறுகிவிடும். எக்ஸ்6-ல் பின்கண்ணாடிக்கு வைப்பரும் கிடையாது. பெங்களூருவில் அக்டோபர் மழையில் வண்டியைப் பின்னால் எடுக்கிறவருக்குக் கேமராதான் கண்.

இந்தக் குறைகளைப் பட்டியலில் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டில் உயரமான ஆள் யாரோ அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒரு வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர் இருந்தால் அவர் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த கூரைக்குத் தலையையும் குனிய வேண்டும், உயர்ந்த தரைக்குக் காலையும் தூக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில்.

நூறைத் தொட 50 மீட்டர்

ஆர்எஸ் க்யூ8 பெர்ஃபார்மன்ஸ் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.6 நொடியில் எட்டும். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 50 மீட்டர் தூரத்துக்குள் அது முடிந்துவிடும். ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் நீளம். அந்த நேரத்தில் உடல் எடையில் முக்கால் பங்கு அளவு விசை முதுகை இருக்கையோடு அழுத்தும். அதுவும் 2.3 டன் அளவுக்கு எடையுள்ள ஒரு வண்டியில். முதன்முறை அனுபவிக்கும் யாருக்கும் அது மறக்காது.

இங்கே பெங்களூருவின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்குக் காற்றையும் குறைவாக இழுக்கும், சக்தியும் அதற்கேற்பக் குறையும். இந்த வண்டிகளில் இருக்கும் டர்போ, எஞ்சின் விடும் புகையின் விசையில் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி. உயரத்தால் வரும் இழப்பைப் பெருமளவு அது ஈடுகட்டிவிடும். 4 லிட்டர், எட்டு சிலிண்டர், இரட்டை டர்போ என்று ஷோரூமில் சொல்வதன் பயன் நந்தி மலை ஏற்றத்தில் தெரியும்.

இத்தனை சக்தியையும் சட்டப்படி எங்கே பயன்படுத்துவது? 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்ட பெங்களூரு மைசூரு நெடுஞ்சாலையில் கார்களுக்கு வேக வரம்பு 100. வழி நெடுகக் கேமராக்கள் நம்பர் பலகையைப் படிக்கின்றன. 2024 ஆகஸ்ட் 1 முதல் 130 கிலோமீட்டரைத் தாண்டுகிறவர்மீது எஃப்ஐஆர் போடுவோம் என்று கர்நாடகப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்து நடைமுறைப்படுத்தியது. ஆர்எஸ் க்யூ8-க்கு 3.6 நொடியில் வரம்பு முடிந்துவிடும். மிதியிலிருந்து காலை எடுக்காவிட்டால் அடுத்த இரண்டு மூன்று நொடியில் எஃப்ஐஆர் எல்லையும் வந்துவிடும்.

இந்த விஷயத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. வேகம் இரட்டிப்பானால் வண்டி சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். 2.3 டன் எடை 100 கிலோமீட்டரில் போகும்போது, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனாலும், அதற்குள் வண்டி 28 மீட்டர் ஓடியிருக்கும். எந்த விலை உயர்ந்த பிரேக்கும் அந்த ஒரு நொடியைத் திருப்பித் தராது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமான ஐஐஹெச்எஸ் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டும் வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட 45 சதவீதம் அளவுக்கு அதிகம் என்று கண்டது. வாங்கப்போகிறவர் அளவு நாடாவை எடுத்துப்போய் பானெட் உயரத்தை அளக்கலாம். நடைபாதை இல்லாத தெருவில் குழந்தையோடு நடக்கிறவர்களுக்கு அந்த அளவு முக்கியம்.

ஆகவே வேகத்தைவிட முதலில் சோதிக்க வேண்டியது பிரேக்கை. இந்த வண்டியின் செராமிக் பிரேக்கில் முன்சக்கரத் தட்டு 440 மில்லிமீட்டர் விட்டம், தோசைக்கல்லைவிடப் பெரியது. அதைப் பத்து பிஸ்டன்கள் பிடிக்கின்றன. ஆனால் பந்தயத்துக்கென்று செய்த பிரேக் சிலவற்றில் குறைந்த வேகத்தில் மிதியின் நிதானம் பிடிபடாது. மெல்ல மிதித்தால் பிடிக்காததுபோல் இருக்கும், சற்று அழுத்தினால் வெடுக்கென்று நிற்கும். பிரேக் குளிர்ந்திருக்கும்போது கிறீச்சிடவும் கூடும். கே.ஆர்.புரம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

பத்து சென்டிமீட்டர் மேடு

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வகுத்த நெறிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வட்டமாக எழ வேண்டும். ஆனால் லேஅவுட் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் வேகத்தடைகள் எந்த நெறியையும் படித்தவை இல்லை. ஆர்எஸ் க்யூ8-ல் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் 3 மீட்டர். அவ்வளவு நீளமான வயிறு கூர்மையான மேட்டைத் தாண்டும்போது உரசும் அபாயம் உண்டு. இதற்கு விடை காற்றுச் சஸ்பென்ஷன். ஒரு பொத்தானில் உடம்பை உயர்த்தலாம், வேகமாகப் போகையில் தானே தாழ்ந்துகொள்ளும். இரண்டு எல்லைக்கும் நடுவில் 90 மில்லிமீட்டர் வித்தியாசம். உயர எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்த வேகத்தில் தானாக இறங்கிவிடுகிறது என்பதை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது டயர். 23 அங்குலச் சக்கரத்தில் வரும் டயரின் அளவு 295/35. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்கிட்டால் பக்கச்சுவர் 103 மில்லிமீட்டர். பெங்களூரு ஏர்போர்ட் டாக்ஸியாக ஓடும் இன்னோவா கிரிஸ்டாவின் 205/65 டயரில் அது 133 மில்லிமீட்டர். குழியில் விழும்போது முதல் அடியைத் தாங்குவது இந்த ரப்பர் சுவர்தான். எடை அதிகமுள்ள வண்டிக்கு மெத்தை மெல்லியதாக இருந்தால், அடி நேராக அலாய் சக்கரத்துக்குப் போகும். டயரின் பக்கவாட்டில் கட்டிபோல் வீங்கும், சக்கரம் விரிசல் விடும். 22 அங்குலச் சக்கரத்துக்கு வரும் 295/40 டயரில் பக்கச்சுவர் 118 மில்லிமீட்டர். பெங்களூருவில் ஓட்டுகிறவர் படத்தில் அழகாகத் தெரியும் பெரிய சக்கரத்தை விட்டுக்கொடுத்து, ஓர் அங்குலம் சிறியதை எடுப்பது நல்லது.

அகலமும் சோதிக்க வேண்டிய விஷயம். இந்த வண்டி கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலம், பக்கக் கண்ணாடிகள் அதற்கு மேல். அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் ஒரு காருக்கு வழக்கமாக 2.5 மீட்டர் அகலத்தில் கோடு போடுவார்கள். நட்டநடுவில் நிறுத்தினாலும் பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர்தான் மிச்சம், கதவைத் திறந்து ஆள் இறங்க அது போதாது. மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில் இருபுறமும் வண்டி நிற்கும்போதும் இதே சிக்கல். இங்கே கைகொடுப்பது பின்சக்கரத் திருப்பம். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் 5 டிகிரி வரை திரும்பும். ஐந்து மீட்டர் நீள வண்டி, சின்ன கார்போல வளைந்து வெளியே வந்துவிடும். வேகமாகப் போகையில் அதே சக்கரங்கள் முன்சக்கரத்தின் திசையிலேயே ஒன்றரை டிகிரி திரும்பி நிலைத்தன்மை தரும். இந்த வண்டியின் பொறியியலில் பெங்களூருக்காரருக்குத் தினசரி பயன்படும் அம்சம் இதுவாகவே இருக்கும்.

மழையை மறக்க முடியாது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் யமலூர், சர்ஜாப்பூர் சாலைப் பகுதிகளில் ஏரி நீர் வீதிக்கு வந்தபோது, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கார்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற படங்களை நாடே பார்த்தது. எஸ்யூவி உயரமானது என்ற தைரியத்தில் தண்ணீரில் இறக்கினால், காற்று இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகும். நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதை அமுக்க முயன்று, அதன் தண்டு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் ஷரத்தை வாங்கியிருக்க வேண்டும்.

விலைச்சீட்டின் மறுபக்கம்

முழுதாகச் செய்து கப்பலில் வரும் இத்தகைய கார்களுக்கு இந்தியா நீண்டகாலமாகவே 100 சதவீதத்துக்கும் மேல் சுங்கவரி விதித்து வந்திருக்கிறது. ஆர்எஸ் க்யூ8 ஸ்லோவாகியாவின் பிராட்டிஸ்லாவாவில் செய்யப்படுகிறது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி குறையும். 2020 நவம்பரில் மெர்சிடீஸ், ஏஎம்ஜி ஜிஎல்சி 43 கூப்பேயைப் புணே அருகே சாகனில் பூட்டி 76.70 லட்சத்துக்குத் தந்தது அப்படித்தான். இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் ஏஎம்ஜி அது. பிஎம்டபிள்யூ எக்ஸ்4 என்ற இளைய கூப்பே எஸ்யூவி, சென்னையை அடுத்த மகிந்திரா சிட்டி ஆலையில் பூட்டப்பட்டது. சுங்கவரிக்கு மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம்.

பிறகு கர்நாடகத்தின் ஆயுள்கால சாலை வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 18 சதவீதம், அதன்மேல் செஸ். 2.49 கோடிக்கு 18 சதவீதம் மட்டுமே ஏறக்குறைய 45 லட்சம் ரூபாய். இதைத் தவிர்க்கப் பலர் வரி குறைந்த மாநிலங்களில் வண்டியைப் பதிவு செய்து பெங்களூருவில் ஓட்டினார்கள். 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை ஒரே சோதனையில் இப்படி ஓடிய 30 சொகுசுக் கார்களைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில், மகாராஷ்டிரப் பதிவெண்ணோடு ஓடிய ஒரு ஃபெராரிக்கு அதன் உரிமையாளர் 1.42 கோடி ரூபாய் வரி கட்ட நேர்ந்தது. பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர்கள் பதிவெண்ணின் முதல் இரண்டு எழுத்தைப் பார்க்காமல் முன்பணம் தரக்கூடாது. வேறு மாநிலப் பதிவில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் இங்கே மறுபதிவும் வரியும் கட்டாயம்.

ஓட்டும் செலவும் அதே அளவில்தான் வரும். ஐரோப்பியச் சோதனையில் ஆர்எஸ் க்யூ8-க்கு நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 12 முதல் 13 லிட்டர் பெட்ரோல். நம் வழக்கில் சொன்னால் மைலேஜ் எட்டு. நெரிசலில் அதுவும் கிடைக்காது. இந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்தான் வாங்குவார் என்றாலும், அந்தப் புகை தெருவில் நிற்கும் எல்லோருக்கும் பொது.

வடிவம் கீழே இறங்குகிறது

இரண்டரைக் கோடி ரூபாய் வண்டியைப் பற்றிச் சாதாரண வாசகர் ஏன் படிக்க வேண்டும்? அந்தச் சரிந்த கூரை இப்போது அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் டாடா கர்வ் வந்தது. அதே மாதம் திருவள்ளூர் ஆலையிலிருந்து சித்ரோயென் பசால்ட் வந்தது. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மகிந்திரா அறிமுகப்படுத்திய எக்ஸ்இவி 9இ என்ற மின்சாரக் கூப்பே எஸ்யூவி 21.90 லட்சத்தில் தொடங்கியது. அதன் உச்ச சக்தி 286 குதிரைத்திறன். நூறைத் தொட 6.8 நொடி போதும் என்கிறது நிறுவனம். இருபது ஆண்டுக்கு முன் அது ஸ்போர்ட்ஸ் கார்களின் வட்டாரத்து எண். பின்சீட்டுத் தலையிடம், பின்கண்ணாடிப் பார்வை, டயரின் பக்கச்சுவர், வேகத்தடையில் வயிறு என்று ஆர்எஸ் க்யூ8-க்குச் சொன்ன அதே சோதனைகள் இவற்றுக்கும் வார்த்தை மாறாமல் பொருந்தும்.

பெங்களூருவும் இந்தக் கதையில் வாடிக்கையாளராக மட்டும் இல்லை. மெர்சிடீஸ் பென்ஸின் ஆராய்ச்சி நிறுவனம் 1996 முதல் இந்த ஊரில் இயங்குகிறது. ஜெர்மனிக்கு வெளியே அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆராய்ச்சி மையம் இதுவே. கார்க் கருவிகள் செய்யும் போஷ் 1950-களிலிருந்து இங்கே இருக்கிறது. சொகுசுக் கார்களின் மென்பொருளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் உழைக்கும் பொறியாளர்கள் பலர் அதே வெளிவட்டச் சாலை நெரிசலில்தான் வீடு திரும்புகிறார்கள்.

நிஜமாகவே 640 குதிரைகளையும் அவிழ்த்துவிட விரும்புகிறவருக்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் தொடங்கிய 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம். பொதுச்சாலையில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்ஸ் நிற்க, எதிரே யாரும் வராத தடத்தில் செய்யலாம். அங்கே போகும் சென்னை வழியில், ஹொஸ்கோட்டேயிலிருந்து பேத்தமங்கலா வரை 71 கிலோமீட்டர் புதிய விரைவுச்சாலை 2024 டிசம்பரிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. விடியலில் கிளம்பினால் காலையிலேயே தடத்துக்குப் போய்விடலாம். அங்கே ஐந்தாறு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினால், பிரேக் தட்டுகள் ஆறும் 'டிக் டிக்' சத்தத்தையும் சூடேறிய ரப்பர் வாசனையையும் வைத்தே அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று புரியும்.

பிறகு அதே வண்டியில் திரும்ப வேண்டும். மாலையில் டின் ஃபேக்டரி அருகே வேகம் 22 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது 48 வோல்ட் அமைப்பு எஞ்சினை அணைத்துவிடும். எட்டு சிலிண்டரும் மௌனமாக, முன்னால் நிற்கும் பிஎம்டிசி பேருந்து நகரும் வரை வண்டி காத்திருக்கும்.